கட்டமைப்பு மாற்றத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி: மும்பைத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வளரும் நாடுகளின் பொருளாதாரம் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்களில் பலர், கட்டமைப்பு மாற்றம் என்றும் அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி என்றும் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அவ்விரண்டையும் ஒருமுறைகூட அளந்து பார்க்காமல் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அளப்பது கடினம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் இதற்குத் தேவையான கணக்கு, பள்ளியில் படித்த பெருக்கலையும் கழித்தலையும் தாண்டாது. தரவுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு போன்ற இடங்களில் வளர்ந்த தமிழ் மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. புத்தகத்தில் ஒரு பத்தியாக இருப்பது அவர்களுடைய குடும்பத்திலேயே மூன்று தலைமுறை வரலாறாக இருக்கிறது. நாட்டின் தரவையும் சொந்தத் தெருவையும் சேர்த்து வைத்து ஒரு நேர்மையான சிற்றாய்வை எழுதுவது எப்படி என்பதை இங்கே சொல்கிறேன்.

எதை அளக்கிறோம்

உழைப்பாளர்கள் உற்பத்தித் திறன் குறைந்த துறையிலிருந்து கூடிய துறைக்கு இடம்பெயர்வதையே கட்டமைப்பு மாற்றம் என்கிறோம். உற்பத்தித் திறன் என்பது இங்கே ஒரு தொழிலாளி ஓராண்டில் கூட்டும் மதிப்பாகும், அதாவது விற்ற தொகையிலிருந்து மூலப்பொருள் முதலிய செலவைக் கழித்தால் எஞ்சுவது. பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய கட்டுரையில், வேளாண்மையில் தேவைக்கு மேல் தேங்கியிருக்கும் உழைப்பை நவீனத் துறை உறிஞ்சிக்கொண்டு வளரும் என்று விளக்கினார். தென் கொரியாவில் ஏறத்தாழ அப்படித்தான் நடந்தது. அங்கே 1963இல் வேலை செய்தவர்களில் 63 சதவீதத்தினர் வேளாண்மையில் இருந்தனர்; 1990க்குள் அந்தப் பங்கு 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சீனாவில் 1978இல் 70 சதவீதமாக இருந்தது 2012இல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

இந்தியாவின் எண்கள் வேறு விதமாக நகர்கின்றன. 1993-94இல் 64 சதவீதம் அளவில் இருந்த வேளாண் வேலைவாய்ப்பு 2011-12இல் 48.9 சதவீதமாகவும், 2018-19இல் 42.5 சதவீதமாகவும் குறைந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நகரங்களிலிருந்து மக்கள் ஊர் திரும்பியதும் அது மீண்டும் ஏறியது, 2023-24இல் 46.1 சதவீதத்தில் நின்றது. அத்தனை பேர் உழைத்தும், நாட்டின் மொத்த மதிப்புக் கூட்டலில் வேளாண்மையின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தொடவில்லை. பொருள் உற்பத்தித் தொழில்களில் இருப்பவர்கள் 2023-24 கணக்கின்படி 11.4 சதவீதத்தினர் மட்டுமே. ஆக, வயலை விட்டு வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் ஆலைக்குள் செல்லவில்லை. கட்டுமானத்துக்கும் சில்லறை வணிகத்துக்கும் போக்குவரத்துக்கும் சென்றார்கள். தொழில்மயமாகி முடிப்பதற்கு முன்பே தொழில் துறையின் பங்கு தேங்கிவிடும் இந்த நிலையைப் பொருளியலாளர் டானி ராட்ரிக் பல வளரும் நாடுகளின் தரவை வைத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

உள்ளடக்கிய வளர்ச்சி என்பது இதை ஒட்டிய இன்னொரு கேள்வி. இடம்பெயர்வால் உண்டான ஆதாயம் யாருடைய கைக்குப் போனது என்று அது கேட்கிறது. இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொண்டால் ஆய்வு கெட்டுவிடும். ஒரு நாடு வேகமாகக் கட்டமைப்பு மாறலாம், ஆனால் ஆதாயம் சிலரிடமே தேங்கலாம்.

தரவைத் தேடுவது

இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடும் கே.எல்.இ.எம்.எஸ். (மூலதனம், உழைப்பு, ஆற்றல், பொருள், சேவை ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள்) தரவுத் தளத்திலிருந்து தொடங்குங்கள். 1980-81 முதல் 27 தொழில் பிரிவுகளுக்கான மதிப்புக் கூட்டலும் வேலைவாய்ப்பும் அதில் ஒரே வடிவத்தில் கிடைக்கின்றன. வேறு நாடுகளோடு ஒப்பிட வேண்டுமென்றால், குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் வைடர் நிறுவனத்தோடு சேர்ந்து தொகுத்த தரவுத் தளம் இருக்கிறது. 51 நாடுகளுக்கு, 12 துறைகளாகப் பிரித்து, 1990 முதல் 2018 வரையிலான எண்களைக் கொடுக்கிறது. வேலையின் தன்மையை அறிய, 2017-18 முதல் நடந்துவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். பதிவு பெறாத சிறு தொழில்களுக்கு, ஆண்டுதோறும் நடத்தப்படும் அமைப்புசாரா நிறுவனங்களின் கணக்கெடுப்பு உதவும். 2023-24க்கான அதன் முடிவு, நாட்டில் இத்தகைய நிறுவனங்கள் 7.34 கோடி என்றும், அவற்றில் உழைப்பவர்கள் ஏறக்குறைய 12 கோடிப் பேர் என்றும், ஒரு தொழிலாளி ஓராண்டில் கூட்டும் மதிப்பு சராசரியாக 1,49,742 ரூபாய் என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிலையான விலையில் (ஓர் அடிப்படை ஆண்டின் விலையில்) உள்ள எண்ணையும் நடப்பு விலையில் (அந்தந்த ஆண்டின் விலையில்) உள்ள எண்ணையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது. பத்தாண்டுக்கு மேற்பட்ட ஒப்பீட்டுக்கு நிலையான விலையே பொருந்தும். அடிப்படை ஆண்டு மாறிய இரண்டு வரிசைகளை ஒட்டுப்போட்டும் பயன்படுத்தக் கூடாது. நாடு முழுவதற்குமான மாதிரிக் கணக்கெடுப்பை வெட்டி எடுத்துத் தாராவிக்கான எண் என்று காட்ட முயலவும் வேண்டாம். ஒரு பேட்டையின் நிலையைச் சொல்லும் அளவுக்கு அதில் மாதிரிகள் இருக்காது. பத்திரிகைகளில் அடிக்கடி வரும், தாராவியின் ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடி டாலர் என்ற வகை எண்களையும் நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன். ஒரு கட்டுரையிலிருந்து இன்னொரு கட்டுரைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் அந்த எண்கள் எப்படிக் கணக்கிடப்பட்டன என்று எங்கும் தெளிவாக எழுதப்பட்டிருப்பதில்லை. தவிர, விற்றுமுதல் வேறு, மதிப்புக் கூட்டல் வேறு.

கணக்கு

மார்கரெட் மெக்மில்லனும் டானி ராட்ரிக்கும் 2011இல் பயன்படுத்திய முறையே எளிமையானது. நாட்டின் சராசரி உற்பத்தித் திறன் உயர்ந்திருக்கிறது என்றால், அதற்கு இரண்டு வழிகளே இருக்க முடியும். ஒவ்வொரு துறையும் இருந்த இடத்திலேயே திறன் கூடியிருக்கலாம். அல்லது ஆட்கள் திறன் குறைந்த துறையிலிருந்து கூடிய துறைக்கு மாறியிருக்கலாம். முதல் பகுதியைக் காண, ஒவ்வொரு துறையின் திறன் மாற்றத்தையும் தொடக்க ஆண்டில் அதற்கு இருந்த வேலைவாய்ப்புப் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டாம் பகுதியைக் காண, ஒவ்வொரு துறையின் வேலைவாய்ப்புப் பங்கில் ஏற்பட்ட மாற்றத்தையும் இறுதி ஆண்டின் திறனால் பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை மொத்த மாற்றத்துக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

கற்பனையாக ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 100 தொழிலாளர்களில் 60 பேர் வேளாண்மையில், ஓராண்டில் கூட்டும் மதிப்பு ஆளுக்கு 1 லட்சம் ரூபாய். 15 பேர் ஆலைகளில், ஆளுக்கு 4 லட்சம். 25 பேர் சேவைத் துறையில், ஆளுக்கு 3 லட்சம். சராசரி 1.95 லட்சம். இருபது ஆண்டு கழித்து வேளாண்மையில் 45 பேர், 1.2 லட்சம், ஆலைகளில் அதே 15 பேர், 5 லட்சம், சேவையில் 40 பேர், அதே 3 லட்சம். சராசரி 2.49 லட்சமாகிவிட்டது, உயர்வு 0.54 லட்சம்.

துறைகளுக்குள் நடந்தது: வேளாண்மையில் 0.60 பெருக்கல் 0.2, அதாவது 0.12, ஆலைகளில் 0.15 பெருக்கல் 1, அதாவது 0.15; சேவையில் சுழியம். மொத்தம் 0.27. இடம்பெயர்வால் வந்தது: வேளாண்மையில் 1.2 பெருக்கல் 0.15, அதைக் கழிக்க வேண்டும், மைனஸ் 0.18; சேவையில் 3 பெருக்கல் 0.15, கூட்டல் 0.45. மொத்தம் 0.27. சரிபாதி. வளர்ச்சியில் பாதி கட்டமைப்பு மாற்றத்தால் வந்தது என்று எழுதி, மாணவர் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடலாம்.

மூட வேண்டாம். இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்த விரும்பும் ஒரே விஷயம் இங்கேதான் இருக்கிறது: சேவைத் துறையை உடைக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். மேலே சொன்ன 25 பேரில் 5 பேர் வங்கி, மென்பொருள், நிதி ஆலோசனை போன்றவற்றில் ஆளுக்கு 9 லட்சம் மதிப்புக் கூட்டுபவர்கள் என்றும், மீதி 20 பேர் தள்ளுவண்டி, காவல் பணி, வீட்டு வேலை, விநியோகம் போன்றவற்றில் ஆளுக்கு 1.5 லட்சம் கூட்டுபவர்கள் என்றும் வையுங்கள். சராசரி அதே 3 லட்சம்தான். வயலிலிருந்து வந்த 15 பேரும் இரண்டாவது வகைக்கே சென்றார்கள், அங்கே திறன் 1.5 லட்சத்தில் அப்படியே நின்றது, மேல்தட்டில் இருந்த 5 பேரின் திறன் மட்டும் 13.5 லட்சமாக உயர்ந்தது என்று கொண்டால், இறுதி ஆண்டிலும் சேவைத் துறையின் சராசரி 3 லட்சமாகவே இருக்கும். இப்போது அதே கணக்கை நான்கு துறைகளுக்குப் போடுங்கள். துறைகளுக்குள் நடந்தது 0.12, 0.15, மேல்தட்டுச் சேவையில் 0.225, மொத்தம் 0.495. இடம்பெயர்வால் வந்தது மைனஸ் 0.18, கூட்டல் 0.225, வெறும் 0.045. பாதி என்று தெரிந்தது பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நாடும் அதுதான், மக்களும் அவர்கள்தான். துறையைப் பிரித்த விதம் மட்டும் மாறியது.

மெக்மில்லனும் ராட்ரிக்கும் 1990 முதல் 2005 வரையிலான காலத்துக்குக் கண்ட முடிவு, ஆசியாவில் இடம்பெயர்வு வளர்ச்சியைக் கூட்டியது என்றும், ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் குறைத்தது என்றும் சொல்கிறது. அது பயன்மிக்க முடிவுதான். ஆனாலும் ஆசியாவின் பெரிய சராசரிக்குள் மேலே கண்ட 5 பேரும் 35 பேரும் ஒரே பெயரில் அடைபட்டுக் கிடக்கலாம் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

மும்பையில் ஏன் இது கண்கூடு

இந்நகரத்தின் முதல் பஞ்சாலை 1854இல் நிறுவப்பட்டது. பரேல், லோயர் பரேல், லால்பாக் பகுதிகள் நூறாண்டுக்கு மேல் ஆலைப் பேட்டைகளாக இருந்தன. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பல ஆலைகள் அதற்குப் பின் முழுமையாக மீளவே இல்லை. 1991இல் நகர வளர்ச்சி விதிகளில் ஆலை நிலங்களுக்கெனச் சேர்க்கப்பட்ட பிரிவும் 2001இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும் அந்த நிலங்களை வணிகக் கட்டடங்களுக்குத் திறந்துவிட்டன. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. கமலா மில் வளாகத்தில் அலுவலகங்களும் உணவகங்களும் இயங்குகின்றன.

நிலத்தின் கணக்கைப் பார்த்தால் இது அருமையான கட்டமைப்பு மாற்றம். ஒரு சதுர அடி கூட்டும் மதிப்பு பல மடங்கு உயர்ந்திருக்கிறது. ஆட்களின் கணக்கு வேறு. தறியில் நின்றவர் கணினி முன் அமரவில்லை. அவர் காய்கறி வண்டி தள்ளினார், காவலாளி ஆனார், அல்லது ஊருக்குத் திரும்பினார். தறி வேலையில் ஒரு பகுதி மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டியின் விசைத்தறிக் கூடங்களுக்குச் சென்றது. துறைகளின் பங்கை மட்டும் வைத்து எழுதும் ஆய்வு, ஆலை போய்ச் சேவை வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

புள்ளிவிவரத்தில் ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது, அதற்கும் எச்சரிக்கையாக இருங்கள். ஆலையின் வாயிலில் நின்ற காவலாளியும் ஆலை உணவுக்கூடத்தில் சமைத்தவரும் அக்காலத்தில் ஆலையின் ஊழியர்கள். ஆகவே நெசவுத் தொழிலில் எண்ணப்பட்டார்கள். இன்று அதே வேலையை ஒப்பந்த நிறுவனம் வழியாகச் செய்பவர், தேசியத் தொழில் வகைப்பாடு 2008இன்படி பாதுகாப்புச் சேவை என்ற 80ஆம் பிரிவிலோ உணவுச் சேவை என்ற 56ஆம் பிரிவிலோ போய் விழலாம். வேலை மாறவில்லை, யார் சம்பளம் தருகிறார் என்பது மாறியது, தரவிலோ கட்டமைப்பே மாறியதாகத் தெரிகிறது.

தெருவில் இறங்குவது

இனி உங்கள் பகுதிக்கு வாருங்கள். தாராவியை எடுத்துக்கொண்டால், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த தமிழர்களின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின்னோக்கிச் செல்கிறது. தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் 1887ஐச் சேர்ந்தது. பதனிடும் கூடங்கள் பின்னர் நகரத்துக்கு வெளியே போய்விட்டன. சென்னை, கான்பூர் போன்ற இடங்களிலிருந்து பதனிட்ட தோல் வந்து இறங்க, இங்கே பர்ஸும் பெல்ட்டும் பையும் தைக்கிறார்கள். கும்பார்வாடாவில் மண்பாண்டம், பதிமூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் பிரிப்பு, சந்துக்குச் சந்து தையல் என்று பலவும் உண்டு. எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஒரே தொழிலை எடுத்து, அதில் பத்துப் பதினைந்து கார்கானாக்களை, அதாவது சிறு தொழிற்கூடங்களை, பாருங்கள்.

முதலாளியிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வரி அதிகாரியோ என்ற சந்தேகமும் வரும். பொருளின் கணக்கைக் கேளுங்கள். "அண்ணாச்சி, இந்த பர்ஸ் ஒரு டஜன் தைச்சா கூலி எவ்வளவு வரும்?" என்று மேஸ்திரியிடம் தொடங்கினால், "டஜனுக்கு இருநூத்தி அறுபத்து நாலு, அதை அஞ்சு பேர் பிரிச்சுக்கணும்" என்பது போலப் பதில் தானாக வரும். ஒரு நாளைக்கு எத்தனை டஜன், வியாபாரி என்ன விலைக்கு எடுக்கிறார், தோலும் லைனிங்கும் ஜிப்பும் நூலும் எவ்வளவு, ஆண்டில் எத்தனை நாள் வேலை ஓடும், மழைக்காலத்தில் எத்தனை நாள் சும்மா இருக்கும் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் கணக்கு ஊதிப் பெருத்துவிடும்.

எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில எண்கள். சேட்டும் (கூடத்தின் முதலாளி) ஐந்து காரிகர்களும் (கைவினைத் தொழிலாளர்கள்) சேர்ந்து நாளுக்கு 120 பர்ஸ் தைக்கிறார்கள். வியாபாரி ஒன்றுக்கு 140 ரூபாய் கொடுக்கிறார். பொருள் செலவு ஒன்றுக்கு 95 ரூபாய். மின்சாரம், வண்டிக்கூலி, அக்கம்பக்கத்து வீடுகளில் பிசிறு நூல் வெட்டித் தரும் பெண்களுக்கான கூலி எல்லாம் சேர்த்து நாளுக்கு 300 ரூபாய். 16,800இலிருந்து 11,400ஐயும் 300ஐயும் கழித்தால், ஒரு நாள் கூட்டிய மதிப்பு 5,100 ரூபாய். ஆண்டுக்கு 220 நாள் வேலை என்றால் 11,22,000; ஆறு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 1,87,000. முன்பு குறித்த நாட்டுச் சராசரியான 1,49,742ஐ விட இது கூடுதல். திறன் மிகுந்த கூடம் என்று எழுதலாமா?

அந்தப் பிசிறு வெட்டும் பெண்கள் இருவர் என்றும், ஒரு பர்ஸுக்கு 1 ரூபாய் வீதம் நாளுக்கு 120 ரூபாயை அவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றும் வையுங்கள். அவர்களும் இந்த பர்ஸின் உழைப்பாளர்கள்தாம். அவர்களுக்குக் கொடுத்த கூலியைச் செலவிலிருந்து எடுத்து மதிப்பில் சேர்த்தால் நாளுக்கு 5,220, ஆண்டுக்கு 11,48,400. எட்டுப் பேருக்கு வகுத்தால் 1,43,550. நாட்டுச் சராசரிக்குக் கீழே வந்துவிட்டது. இருவரும் அரைநாள்தான் செய்கிறார்கள் என்றால் அவர்களை ஒருவராக எண்ணி 1,64,057 என்றும் காட்டலாம். மூன்று எண்களையும் எழுதி, எந்த அனுமானத்தில் எது வந்தது என்று சொல்லிவிடுங்கள். கார்கானாவின் மேல்தளத்தில் நின்று கேட்பவருக்கு முதல் எண் மட்டுமே கிடைக்கும். கீழே சந்தில் இறங்கி, வாசற்படியில் கத்தரிக்கோலோடு அமர்ந்திருக்கும் அக்காவிடம் பேசினால்தான் மற்ற இரண்டும் கிடைக்கும். கேட்ட உடனே, "வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா இருக்கிற நேரத்துல செய்யறது" என்று அவர் சொல்லக்கூடும். அந்தப் பதிலோடு குறிப்பேட்டை மூடிவிடாமல், நேற்றுக் காலை முதல் இரவு வரை என்னென்ன செய்தார் என்று மணிவாரியாகக் கேளுங்கள்.

யாருக்குப் போனது

திறனும் கூலியும் ஒன்றல்ல. மேலே கண்ட கூடத்தில் ஐந்து காரிகர்களுக்கு நாளுக்கு 2,640 ரூபாய் கூலி. ஆளுக்கு 528, ஆண்டுக்கு 1,16,160. கூட்டிய மதிப்பில் பாதிக்குச் சற்று மேல். மீதியில் வாடகையும் கடன் வட்டியும் போக எஞ்சுவதே சேட்டின் பங்கு. வியாபாரி அந்த பர்ஸை எவ்வளவுக்கு விற்கிறார் என்பதையும் கடைவீதியில் விசாரித்து எழுதுங்கள். ஆதாயத்தின் பெரும்பங்கு அந்த இடைவெளியில் இருப்பது தெரியவந்தால், சேட்டுக்கும் காரிகருக்கும் இடையிலான பங்கீட்டை மட்டும் பேசிய ஆய்வு பாதியில் நின்றதாகிவிடும்.

வேலையின் தன்மையைப் பார்க்க நாட்டுத் தரவைத் துணைக்கு எடுங்கள். சுயதொழில் செய்பவர்களின் பங்கு 2017-18இல் 52.2 சதவீதம், 2023-24இல் 58.4 சதவீதம். மாதச் சம்பள வேலையில் இருப்பவர்கள் அதே காலத்தில் 22.8இலிருந்து 21.7 சதவீதமாகக் குறைந்தார்கள். வேலையில் இருக்கும் அல்லது வேலை தேடும் பெண்களின் விகிதம் 23.3இலிருந்து 41.7 சதவீதமாக உயர்ந்தது பலரையும் மகிழ்வித்த செய்தி. ஆனால் பெண் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வேளாண்மையில்தான் இருக்கிறார்கள், அவர்களில் பலர் குடும்ப வேலையில் கூலி பெறாத உதவியாளர்கள். இந்த உயர்வை உள்ளடக்கிய வளர்ச்சி என்று ஒரே மூச்சில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒப்பீட்டுக்குச் சொந்த மாநிலத்தைப் பாருங்கள்: இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் காலணி ஆலையில் வரிசையில் அமர்ந்து தைக்கும் பெண்ணுக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருக்க வாய்ப்புண்டு. தாராவியில் தோல் பர்ஸின் நூலை வெட்டும் பெண்ணுக்கு அந்தப் பேச்சே இல்லை. தோலும் தமிழும் இரு இடத்திலும் பொது. வேறுபாடு ஆலையின் அளவிலும் சட்டத்தின் எல்லையிலும் இருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர், மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த கோட்டுக்குக் கீழே, ஐந்தாறு பேரோடு இந்தக் கூடங்கள் இயங்கின.

இதைவிடக் கூர்மையான சோதனை தலைமுறை அட்டவணை. நேர்காணல் தரும் ஒவ்வொருவரிடமும் தாத்தா, அப்பா, அவர், அவருடைய மூத்த பிள்ளை ஆகிய நால்வரின் தொழிலையும் படிப்பையும் கேட்டு ஒரே வரிசையில் எழுதுங்கள். பாட்டி, அம்மா, மகள் வரிசையைத் தனியாக எழுதுங்கள். தோல் வேலைக்கு வந்தவர்களில் தலித்துகளும் முஸ்லிம்களும் மிகுதி. அதே காலத்திலும் சற்றுப் பின்னரும் மாட்டுங்காவில் குடியேறிய தமிழர்களில் பலர் ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்த பிராமணக் குடும்பத்தினர்; எழுத்தர் வேலையிலிருந்து வங்கிக்கும் அங்கிருந்து நிதித் துறைக்கும் அடுத்த தலைமுறைகள் ஏறின. இரண்டு பேட்டைகளும் நடந்தே போகும் தூரத்தில் உள்ளவை, பேசும் மொழியும் ஒன்று, வந்து சேர்ந்த நகரமும் ஒன்று. சேவைத் துறையின் மேல்தட்டுக்குள் நுழையும் கதவு எங்கே, யாருக்குத் திறந்திருந்தது என்பதை இந்த அட்டவணை காட்டும் அளவுக்கு எந்தச் சூத்திரமும் காட்டாது. விதிவிலக்குகளையும் கட்டாயம் சேருங்கள். காரிகராக இருந்து கார்கானா உரிமையாளராக உயர்ந்தவர்கள் தாராவியில் உண்டு. அந்த ஏற்றத்துக்கு எது உதவியது என்று கேளுங்கள். உறவினர் கடனா, தோல் வியாபாரி தந்த நம்பிக்கையா, அரசுப் பள்ளியா என்பது ஒவ்வொருவருக்கும் மாறும்.

வீட்டையும் இடத்தையும் பற்றி ஒரு கேள்வி போதும்: வேலை செய்யும் இடமும் உறங்கும் இடமும் ஒன்றா, அதற்கான காகிதம் யாரிடம் இருக்கிறது? மறுசீரமைப்புப் பேச்சு நடக்கும் பகுதியில் தொழிலின் எதிர்காலத்தை இதுவே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

எழுதும்போது

நாடு, மாநிலம், தெரு என்ற மூன்று அளவுகளையும் தனித்தனி அத்தியாயங்களாக வையுங்கள். பதினைந்து கார்கானாவில் கண்டதை வைத்து மும்பையைப் பற்றியோ, நாட்டுச் சராசரியை வைத்து உங்கள் தெருவைப் பற்றியோ தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தெருவில் கண்டது நாட்டுத் தரவின் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டும். அதுவே அதன் பயன். கணக்கை மூன்று துறைகளுக்கு ஒருமுறையும், கே.எல்.இ.எம்.எஸ். தரவின் 27 பிரிவுகளுக்கு ஒருமுறையும் போட்டு, இரண்டு விடைகளையும் அருகருகே அச்சிடுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு வந்தால், அந்த வேறுபாடு எந்தப் பிரிவுகளிலிருந்து வருகிறது என்று தேடுவதே உங்கள் ஆய்வின் மையப் பகுதியாகட்டும்.

பேட்டி தந்தவர்களின் பெயரையும் கூடத்தின் முகவரியையும் எழுதாதீர்கள். ஆறே கூடங்கள் உள்ள சந்தில், இயந்திரங்களின் எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அத்தகைய விவரங்களை வரம்புகளாக மாற்றுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த ஆண்டு, எந்த விலை, எந்தக் கணக்கெடுப்பு என்று அதே வரியில் குறிப்பிடுங்கள். எழுதி முடித்ததும் கூலிக் கணக்குப் பக்கத்தை மட்டும் பேச்சுத் தமிழில் வாசித்து, தகவல் தந்த மேஸ்திரியிடமும் நூல் வெட்டும் பெண்களிடமும் தனித்தனியே சரிபாருங்கள். இருவரும் ஒரே நாளைக்கு இரண்டு வெவ்வேறு எண்களைச் சொன்னால், திருத்தி ஒன்றாக்காமல் இரண்டையும் ஆய்வேட்டில் அப்படியே பதிவு செய்யுங்கள்.